தெளிவு என்று நான் எழுதி அனுப்பிய அட்டைகள்

எங்கள் அண்ணன் கண் மூடி இன்றோடு ஓராண்டு நிறைவடைகிறது. அவருடைய ஆத்துமத்திற்காக ஒப்புக்கொடுத்த பூசையில் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும் உற்றார் உறவினர்களுக்கும், பட்டறை நண்பர்களுக்கும், எங்கிருந்தோ வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் தம்பியின் தாழ்மையான வணக்கம். இப்படிப்பட்ட பக்கங்களில் மறைந்தவரின் அருமை பெருமைகள் இருக்கும். இதிலும் இருக்கின்றன. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. எங்கள் அண்ணி ஒரு வருஷமாக ஒரு பழியைச் சுமந்துகொண்டிருக்கிறார். அது அவருடையது அல்ல, என்னுடையது. அதை நேரில் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். வாய் வராதவன் எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் பிறந்தது மத்தூருக்கு அருகில் உள்ள எங்கள் கிராமத்தில். அப்பா மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் கொள்ளும் போட்டுப் பிழைத்தவர். அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அடுத்த வாரமே அண்ணன் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, கிருஷ்ணகிரியில் ஒரு லாரிப் பட்டறையில் சக்கரம் கழற்றச் சேர்ந்தார். "எனக்குப் படிப்பு ஏறல, அதான் போனேன்" என்று பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வார். அது பொய். அவருடைய எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டையை அம்மா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் பார்த்தேன். கணக்கில் வகுப்பிலேயே முதலாவது.

கிருஷ்ணகிரியில் பதினைந்து வருஷம் வேலை கற்ற பிறகு, ஓசூரில் பெங்களூர் சாலை ஓரமாகச் சொந்தமாகப் பட்டறை வைத்தார். லாரிகளின் பட்டை ஸ்பிரிங் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று மைசூர் ராஜ்யத்து ஓட்டுநர்களே சொல்வார்கள். அவர்களிடம் கன்னடம், ஆந்திரத்து வண்டிக்காரர்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மட்டும் மூன்றும் கலந்து வரும். தவக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வேளைதான் சாப்பிடுவார். அந்த நாட்களில் யாரும் அவரிடம் வேலையில் தப்புச் செய்யக் கூடாது. ஒரு முறை தேய்ந்த ஸ்பிரிங்கை அப்படியே மாட்டிவிடு என்று அவசரப்படுத்திய ஒரு முதலாளியிடம், "உங்க டிரைவர் வீட்டுல போயி நீங்களே சொல்லிட்டு வாங்க, அப்புறம் மாட்டறேன்" என்றார். முதலாளி போகவில்லை. புது ஸ்பிரிங் வந்தது.

என்னை ஹைஸ்கூலுக்கு அனுப்பியவரும், பிறகு பால் பரிசோதனைப் பயிற்சிக்கு அனுப்பியவரும் அவர்தான். இன்று நான் பெங்களூருக்குப் பால் அனுப்பும் ஒரு சேகரிப்பு நிலையத்தில் பரிசோதகனாக இருக்கிறேன் என்றால் அது அண்ணன் போட்ட சோறு. அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். வந்த நாள் முதல் என்னைத் தனியாகப் பிரித்துப் பார்க்காதவர். அவருக்குப் பிறந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரே சட்டியில்தான் களி கிண்டினார்.

அண்ணனுடைய நாற்பதாம் வயதில் இடுப்பு வலி தொடங்கியது. பட்டறைக்காரனுக்கு இடுப்பு வலிப்பது அதிசயமா? தைலம் தேய்த்துக்கொண்டு வேலை செய்தார். பிறகு குந்தாரப்பள்ளிச் சந்தையில், மாடு ஏற்றிய லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கிவிட, ஜாக்கியைத் தூக்கிக் கொடுக்கப் போனவருக்கு விலா எலும்பு முறிந்துவிட்டது. அந்த ஜாக்கியை அவர் ஆயிரம் முறை தூக்கியிருப்பார். கட்டுப் போட்ட உள்ளூர் மருத்துவர், அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லையே என்று சந்தேகப்பட்டு, பஸ்ஸில் ஒரு நாள் தூரத்தில் இருக்கும் பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கே மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் பயறு பயறாக ஓட்டைகள். நெஞ்செலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சிப் பார்த்தார்கள். மல்டிபிள் மைலோமா என்று அங்கே எங்களைப் பார்த்த டாக்டரம்மா பெயர் சொன்னார். எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தில் ஒரு வகை அணுக்கள் அடங்காமல் பெருகி, உடம்புக்கு வேண்டாத ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன, எலும்பையும் அரிக்கின்றன என்று விளக்கினார். ரத்தத்தைக் காகிதப் பட்டையில் ஓட விட்டு, சாயம் ஏற்றி, அந்தப் புரதத்தைக் காட்டினார். விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. அண்ணன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கோடு போயிட்டா நான் பொழைச்சேனுங்களா?" என்று கேட்டார்.

"போகாது. மெலிஞ்சா நல்லது" என்றார் டாக்டரம்மா. அவர் மலையாளத்துக்காரர். ஆனால் தமிழில் ஒரு சொல்லைக்கூடப் பூசி மெழுகாமல் பேசுவார்.

மாதம் நான்கு நாள் மெல்ஃபலான் மாத்திரை, கூடவே ப்ரெட்னிசோலோன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் வர வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, என் வேலை என்ன என்று கேட்டார். பால் பரிசோதனை என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடிக் குழாயும் தெர்மாமீட்டரும் கையாளத் தெரிந்த ஒரு தம்பி நோயாளிக்கு வாய்த்தது அவருக்குப் பெரிய விஷயம். ஒரு சோதனையைச் செய்து காட்டினார்.

காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைக் குழாயில் எடுத்து, சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். தெர்மாமீட்டர் நாற்பதைத் தாண்டியதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஐம்பது, அறுபதுக்குள் குழாய் வெளுத்தால், அந்தப் புரதத்தின் துண்டு சிறுநீரில் இறங்குகிறது என்று அர்த்தம். கொதிக்கும்போது அந்த வெளுப்பு கரைந்து தெளிந்துவிடும். ஆற விட்டால் திரும்ப வெளுக்கும். "இந்த நோய் மருந்து சாப்பிடச் சாப்பிட மாறும். ரத்தத்துல அடங்கின மாதிரி இருந்துட்டு மூத்திரத்துல வேற மாதிரி வரலாம். எல்லாருக்கும் வராது. ஆனா வந்தா எனக்கு உடனே தெரியணும்" என்று சொல்லி, வாரம் ஒரு முறை சோதித்து அஞ்சலட்டையில் ஒரே வார்த்தை எழுதிப் போடும்படி சொன்னார். தெளிவு, அல்லது வெளுப்பு.

முதல் பத்து வாரங்கள் நான் அந்த வேலையைக் கோயில் காரியம் போலச் செய்தேன். திங்கட்கிழமை காலையில் பால் வரவு முடிந்ததும், வேறு அடுப்பில், வேறு பாத்திரத்தில், ஸ்டவ் திரியைச் சுருக்கி வைத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். பத்து வாரமும் குழாய் தெளிவாகவே இருந்தது. அஞ்சலட்டை போட்டேன். அந்த மூன்று மாதத்தில் அண்ணனும் தேறினார். வலி குறைந்தது. பசி எடுத்தது. மாத்திரையால் முகம் ஊதி உருண்டையானது. "உங்கண்ணிக்கு ரெண்டாவது மாப்பிள்ளை வந்துட்டான் பாரு" என்று கண்ணாடியில் கன்னத்தைத் தட்டிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் காகிதப் பட்டையைப் பார்த்தபோது கறுப்புக் கோடு பாதியாக மெலிந்திருந்தது.

இனி என் தவறு.

எங்கள் பால் நிலையத்தில் தினமும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பாலைக் குழாயில் எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் நேராக இறக்கி, ஐந்து நிமிஷம் கழித்துத் தூக்கிப் பார்ப்போம். திரிந்திருந்தால் அந்தக் கேன் திரும்பிப் போகும். திரியாவிட்டால் நல்ல பால். வருஷக் கணக்காக என் கண்ணுக்குப் பழகிய நியாயம் அது ஒன்றுதான். கெட்டது எதுவானாலும் கொதித்தால் வெளியே வந்துவிடும்.

பதினோராவது வாரம் கேன்கள் தாமதமாக வந்தன. பெங்களூர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணனுடைய குழாயை மெதுவாகச் சூடேற்ற நேரமில்லை. பால் குழாய்களை எடுத்த பிறகு, அதே கொதிக்கும் தண்ணீரில் அதை இறக்கினேன். (பால் ஊற்றும் அங்கத்தினர்கள் இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரை உடனே கொட்டிவிட்டேன்.) ஐந்து நிமிஷம் கழித்துத் தூக்கினேன். தெளிவு. எப்படியும் அறுபதைத் தாண்டித்தானே நூறுக்குப் போயிருக்கும், வெளுத்திருந்தால் போகிற போக்கில் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொதிக்கிற தண்ணீருக்குள் போட்டுவிட்டு நான் வண்டிக்காரனோடு பேசப் போய்விட்டேன். எந்தப் போக்கையும் நான் பார்க்கவில்லை.

ஒரு முறை செய்தால் அவசரம் என்று சொல்லலாம். நான் அதற்குப் பிறகு பதினெட்டு வாரங்களும் அப்படித்தான் செய்தேன். அது சுலபமாக இருந்தது. பதிலும் எப்போதும் நல்ல பதிலாக இருந்தது. கேனோடு கேனாக அண்ணனையும் பரிசோதித்து முடித்தேன். குழாயைச் சூட்டோடு கழுவிக் கவிழ்த்துவிடுவேன். ஒரே ஒரு வாரம் அதை ஆற விட்டிருந்தால்கூட அது வெளுத்து என் முகத்தில் அறைந்திருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தெளிவு என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

அதற்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் முறை போனபோது காகிதப் பட்டையில் கோடு இருக்கும் இடமே மங்கலாகத்தான் தெரிந்தது. டாக்டரம்மா என் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, ரத்தமும் நல்லது, மூத்திரமும் நல்லது, மருந்து வேலை செய்கிறது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "இவன்தான் என் தம்பி. டாக்டருக்கே ரிப்போர்ட் அனுப்பறவன்" என்று சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் வெட்கப்பட்டேன். அப்போது அது பெருமையான வெட்கம்.

ஆடி மாதக் காற்று ஓய்ந்த சமயத்தில் அண்ணனுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. காலையில் எழுந்ததும் குமட்டல். உடம்பு முழுவதும் அரிப்பு. பிறகு கால் வீங்கியது. நான் தைரியம் சொன்னேன். "அட்டையெல்லாம் தெளிவாத்தானே போகுது, மாத்திரைச் சூடா இருக்கும்" என்று என் வாயால் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை. கண்ணெதிரே மனுஷன் வாடிக்கொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்? எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் இருந்த ஒரு கன்னடத்து வைத்தியரிடம் போய், பசி எடுக்க ஒரு கஷாயம் வாங்கி வந்தார். "ஏனூ ஆகல்லம்மா" என்று அவர் சொல்லி அனுப்பினாராம். ஒன்றும் ஆகாது என்று. அண்ணி பதினோரு நாள் அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுத்தார்.

உறவினர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் குமட்டல், பிறகு வீக்கம், அதற்குப் பிறகுதான் கஷாயம்.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் தெளியாத நிலைக்கு வந்துவிட்டார். வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நான், அண்ணி, எங்கள் பெரியப்பா. டாக்டரம்மா பார்த்தவுடனே கொஞ்சம் சிறுநீரை வாங்கிக்கொண்டு, எங்கள் எதிரிலேயே ஸ்பிரிட் விளக்கில் தண்ணீரைச் சூடேற்றினார். நானும் அருகில் நின்று தெர்மாமீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தைந்தில் லேசாக மங்கியது. ஐம்பத்தைந்தில் குழாய் முழுவதும் பாலாக வெளுத்துவிட்டது. அவர் திரியை உயர்த்தினார். கொதி வந்ததும் அந்த வெண்மை கரைந்து, நான் பத்தொன்பது வாரம் பார்த்த அதே தெளிவு என் முன்னால் வந்து நின்றது. என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷமே எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா அட்டைக் கட்டை எடுத்துப் புரட்டினார். "போன திங்கள்கூட தெளிவுன்னு இருக்கே. எப்படிப் பாத்தீங்க?"

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதானுங்க."

நான் சொன்ன பதில் அதுதான். இதை எழுதும்போது பேனா நகர மறுக்கிறது. முதலில் செய்தது சோம்பல். அதை மன்னிக்கக்கூட ஆள் கிடைக்கலாம். இது பொய்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். இவ்வளவு திடீரென்று வராதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அண்ணியின் பக்கம் திரும்பி, "வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். எல்லா நோயாளி வீட்டாரிடமும் கேட்கிற கேள்வி அது. அண்ணி ஒளிக்கவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "ஒரு கஷாயம் குடுத்தேனுங்க. பதினோரு நாளு" என்றார். டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். சுவர் ஓரமாக நின்ற பெரியப்பாவின் முகம் மாறியது. உண்மையைச் சொன்னவர் மாட்டிக்கொண்டார். பொய் சொன்னவன் பக்கத்திலேயே நின்றேன்.

மருந்தை மாற்றினார்கள். ரத்தமும் நிறையத் தண்ணீரும் ஏற்றினார்கள். சிறுநீரகம் திரும்பி வரவில்லை. மூன்று வாரம் கழித்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அண்ணனே கேட்டதால் ஓசூருக்குக் கொண்டுவந்தோம். நினைவு வந்து வந்து போகும். நினைவு வந்த ஒரு பகல் நேரத்தில் என்னைப் பக்கத்தில் அழைத்தார். "நீ ஒழுங்காத்தானேடா பாத்த. இது என் நேரம். மனசுல வெச்சுக்காத" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார், எனக்கு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், மூன்று பாஷையிலும் திட்டியிருப்பார். திட்டி வாங்கியிருந்தால் இன்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை, பங்குச் சாமியார் வந்து சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போன சற்று நேரத்தில், அண்ணியின் மடியில் தலை வைத்தபடி அண்ணன் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெரியப்பா சாதத்தில் கை வைத்தபடியே, அண்ணி பரிமாறிக்கொண்டு வந்த வரிசையைப் பார்த்து, "டாக்டரு குடுத்த மருந்துல தேறுன ஆளு. கண்ட கஷாயத்தக் குடுத்து முடிச்சுட்டாளே" என்றார். அண்ணியின் தகப்பனார் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். இலையை மடித்துவிட்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். அதன் பிறகு இந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. நான் தண்ணீர்ச் சொம்போடு பந்தியின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்து அவர் பேசினார். தெரிய வேண்டியதை மறைத்தவன் நான். இதைப் படித்துவிட்டு அவர் என் மேல் பாயட்டும், நியாயம்தான். ஆனால் அந்தப் பந்தியில் சொன்ன வார்த்தையை அதே அளவு சத்தமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இந்த அச்செழுத்தில் அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து நான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவேன், நற்கருணை நன்மை வாங்க எழுந்து போக மாட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு எங்கள் ராஜ்யத்துக்கே தமிழ்நாடு என்று பெயர் மாறி, பால் நிலையத்துப் பலகையைக்கூடப் புதிதாக எழுதிவிட்டார்கள். என்னிடம் மட்டும் எதுவும் மாறவில்லை. திங்கட்கிழமை வந்தால் குழாயைக் கையில் எடுக்கவே மனம் கூசும்.

இந்த வருஷம் தவக்காலத்தில் தனியாக பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் சோதனை, கொதிக்கும் தண்ணீர், பத்தொன்பது அட்டைகள், பொய். பிறகு அண்ணனுடைய கோப்பை வரவழைத்துப் பார்த்தார்.

"உங்க அண்ணனுக்கு நோய் மாறிடுச்சு. மருந்துக்கு அடங்கின அணுக்கள் செத்துது. அடங்காதது மிஞ்சி, வேற விதமா வளர்ந்துது. முழுப் புரதம் செய்யறதை விட்டுட்டு, அதோட சின்னத் துண்டை மட்டும் செய்ய ஆரம்பிச்சுது. துண்டு ரத்தத்துல தங்காது. மூத்திரத்துல இறங்கி, போற வழியில சிறுநீரகத்தை அடைக்கும். அதனாலதான் ரத்தப் பட்டையைப் பாத்து நானும் சந்தோஷப்பட்டேன். கோடு மெலிஞ்சதுல பாதி மருந்தால. மீதி, நோய் வேற வழியில போனதால."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமுங்களா?"

அவர் கோப்பில் ஒரு தாளைப் புரட்டினார். "நோயை நிறுத்தியிருக்க முடியாது. மருந்தை மாத்தியிருப்பேன். நிறைய தண்ணி குடிக்க வெச்சிருப்பேன். சிறுநீரகம் கொஞ்ச காலம் தாங்கியிருக்கலாம். சில மாசமா, அதுவும் இல்லையா, எனக்குத் தெரியாது. உங்க தப்பு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க தப்பாலதான் போனார்னும் சொல்ல மாட்டேன்."

"அண்ணி குடுத்த கஷாயம்?"

"அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. சிறுநீரகம் அப்படி அடைபடறதுக்கு மாசக்கணக்கு ஆகும். பதினோரு நாள் கஷாயத்தால ஆனது இல்ல அது. அன்னிக்கு நான் கேட்டது எல்லாரையும் கேக்கற கேள்வி. அதை வெச்சு அந்தம்மாவை யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

நான் தலை குனிந்தேன். அவர் கோப்பை மூடினார். "அப்ப நீங்க என்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார்.

திரும்பி வந்து எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணனை ஒரு நோயாளியாக மட்டும் பார்க்காமல் மனிதராகப் பார்த்த டாக்டரம்மாவுக்கும், செவிலியர்களுக்கும். அண்ணன் படுத்திருந்த மாதங்களில் பட்டறையைத் தங்கள் வீடு போல நடத்திய இரண்டு தொழிலாளிகளுக்கும். வாடகைக் காரை ஒரு குலுக்கல் இல்லாமல் ஆஸ்பத்திரி வரை ஓட்டிய ஓட்டுநருக்கும். கடைசி நேரத்தில் ஓடி வந்த பங்குச் சாமியாருக்கும். ரத்தம் கொடுத்த லாரி ஓட்டுநர்கள் நால்வருக்கும். அவர்களில் இருவர் கன்னடத்துக்காரர்கள், ஒருவர் முஸ்லிம், ஒருவர் எந்த ஊர் என்றே நான் கேட்கவில்லை. பதினேழு வருஷம் அண்ணனோடு வாழ்ந்து, கடைசி வாரங்களில் அவரைக் குழந்தையைப் போல் தூக்கிக் குளிப்பாட்டிய அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவரிடம் நான் கேட்க வேண்டியது வேறு.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். போன ஞாயிறு பகலில் போனேன். பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தார்கள். அண்ணி கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, மேலே நீங்கள் படித்ததை முதலிலிருந்து படித்தேன். பாதியில் சல்லடை நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்காமல் கடைசி வரை படித்தேன்.

நான் எதிர்பார்த்தது வசவு. வெளியே போ என்று சொல்வார் என்று நினைத்தேன். ஊரார் முன்னால் நிற்க வைத்தாயே, என் அப்பனைப் பட்டினியாக அனுப்பினாயே என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

அண்ணி அதில் எதையும் கேட்கவில்லை. மாவு படிந்த கையைப் பார்த்துக்கொண்டே, "அவுங்க சொன்னத விடு, தம்பி. நானே அப்பிடித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "என் கையாலதான் குடுத்துக் கொன்னுட்டேன்னு. ஒரு வருஷமா பொழுது விடிஞ்சா அதான் நெனப்பு. புள்ளைங்களுக்குச் சோறு போடக்கூட பயமா இருந்துச்சு."

இது எனக்குத் தெரியாது. உறவினர் பழி சொன்னார்கள், அவர் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரே நம்பியிருக்கிறார்.

நான் அழுதேன். அண்ணி அழவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்து, "இது நெசந்தானா? என் மனசு ஆறட்டும்னு நீயா பழிய எடுத்துப் போட்டுக்கலையே?" என்று கேட்டார்.

அண்ணன்மேல் சத்தியம் என்றேன். டாக்டரம்மா சொன்னதை மறுபடி சொன்னேன். கொதிக்கும் தண்ணீரில் குழாயை இறக்கிய கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் முழுதாக நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உண்மையைச் சொன்ன நாளில் பக்கத்திலேயே நின்று பொய் சொன்னவன் நான். என் சத்தியத்தை அவர் எப்படி எடை போடுவார்?

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இந்த மலரைப் படித்த பிறகு என்னிடம் வந்து எதுவும் சொல்ல வேண்டாம். ஆறுதலும் வேண்டாம், கண்டனமும் வேண்டாம். பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவீர்கள். அண்ணிதான் பரிமாறுவார். அவர் உங்கள் இலைக்கு முன்னால் வந்து குனியும்போது, ஒவ்வொருவரும், பெரியவர் சிறியவர் யாரானாலும், அவர் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லுங்கள்: கஷாயத்தால் இல்லை, அம்மா. நான் சொன்னால் அவருக்குப் போதவில்லை.